ரெஜிபோம் கேக் விடயமாக

வெள்ளவத்தை,
12.07.1998

அன்புள்ள தம்பி கதிர்காமநாதனுக்கு,

இங்கு யாவரும் நலம். உன் நலத்தை விசாரிப்பது முறை; விசாரித்துவிட்டேன். இருதய வைத்தியர் உன்னை விமானம் ஏற விடாதபடியால் உன் மகன் பிரதீபன் தனியே வந்து தாலி கட்டிவிட்டு ரொறொன்ரோ திரும்பிவிட்டான். மணமகள் நளாயினியை அங்கு எடுப்பிக்கும் ஸ்பொன்சர் பத்திரத்தில் நீயும் கையொப்பமிட வேண்டுமாம். நீயோ, "வாய் திறக்காத பிள்ளை எங்கட வீட்டில தாக்குப் பிடிக்குமோ? அக்கா பார்த்து எழுதட்டும்" என்கிறாய். எழுதுகிறேன்.

முதலில் கேக். கொழும்பில் கல்யாணக் கேக் என்பது ரெஜிபோமில், அதுதான் சாமான் உடையாமல் பெட்டிக்குள் வைக்கும் வெள்ளை நுரைப்பலகையில், வெட்டிய மூன்று தட்டு. ஐசிங் பூசி, ஒரு பக்கத்தை மட்டும் குடைந்து, உண்மையான கேக் துண்டொன்றைச் செருகுவார்கள். மணமக்கள் வெட்டுவது அந்த இடத்தில்தான். கேக்காரர் சொன்ன விலையைக் கேட்டபின், நானே செய்வதென்று தீர்மானித்தேன். தொலைக்காட்சிப் பெட்டிகளோடு வந்த ரெஜிபோம் துண்டுகளை எனக்குத் தெரிந்த கடைக்காரர் நிலாம் சும்மா போலவே தந்தார். வெட்டுவதற்கு, மரம் அரியும் வாளின் சட்டத்தில் மெல்லிய கம்பி கட்டிப் பற்றரியில் சூடாக்கும் சாமானொன்றும் தந்தார். "வெண்ணெய் மாதிரி வெட்டும் ரீச்சர், கைய மட்டும் வெச்சிராதீங்க" என்றார். கம்பி, பற்றரி, கிழவி மூன்றையும் ஒரே முச்சக்கர வண்டியில் கண்ட சோதனைச் சாவடி ஆமிக்காரன், "மே மொகக்த?", இது என்ன என்று கேட்டான். கல்யாணக் கேக் என்று சிங்களத்தில் விளக்கினேன். அவன் மேலதிகாரியைக் கூப்பிட்டான். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். வீதியோரத்தில் ஒரு வட்டம் வெட்டிக் காட்டிய பிறகுதான் விட்டார்கள். வட்டத்தைத் தாங்களே வைத்துக்கொண்டார்கள்.

வீட்டில் கிடந்த சப்பாத்துப் பசையால் தட்டுகளை ஒட்டினேன். இரசாயனவியலில் சிறப்புப் பட்டம் பெற்ற நானே பார்த்துக்கொண்டிருக்க, நடுத்தட்டு கரைஞ்சு சாம்பல் கோப்பை மாதிரிப் போச்சு. குழியை ஐசிங்கால நிரப்பினன், வேறென்ன செய்யிறது? மண்டபத்தில வீடியோக்காரர் வெளிச்சம் காணாதெண்டு சொன்னதும், உன்ர மகன் கேக்கைத் தூக்கி மற்றப் பக்கம் திருப்பி வைச்சிட்டான். உண்மையான துண்டு பின்னுக்குப் போட்டுதெண்டு நான் மேடைக்குக் கீழ இருந்து கையை ஆட்டுறன். அவன் எனக்குச் சந்தோசமாக் கை காட்டுறான். வெட்டினான். கத்தி கீச்சிட்டுது. எந்தக் கேக்காவது கீச்சிடுமோ எண்ட யோசனையே இல்லாமல் அறுத்தெடுத்து நளாயினியின்ர வாயில வைச்சான். பிள்ளை முகம் சுளிக்காமல், சிரிச்சபடி மென்றது. நான் தண்ணி எடுக்க ஓடினன். திரும்பி வரேக்க வாய் வெறுமை. விழுங்கியிட்டுது!

ஆகவே என் முடிவு: மகா சாது. எதை ஊட்டினாலும் விழுங்கும். அத்தகைய பிள்ளையை அதட்டாதே, கேலி செய்யாதே, பனியில் கடைக்கு அனுப்பாதே. அவளுக்காகக் கதைக்க ஒருவருமில்லை என்று எண்ணினால், நான் உனக்கு வாராவாரம் எழுத நேரும்.

வீட்டில் அனைவருக்கும் என் ஆசிகள். உனக்கு மட்டும் நிபந்தனையுடன்.

அக்கா,
கனகேஸ்வரி

பி.கு: உறையை ஒட்டுமுன் வீடியோ கசெற் வந்து சேர்ந்தது. பிள்ளை எதையும் விழுங்கவில்லை. கன்னத்தில் ஒதுக்கி வைத்து, நான் தண்ணீருக்கு ஓடிய நேரத்தில் முகம் துடைக்கும் லேஞ்சியில் துப்பியிருக்கிறாள். பிறகு அதே இடத்தில் இன்னும் பெரிய துண்டாக அறுத்து உன் மகனின் வாயருகே பிடித்து, சிரித்தபடி சொல்கிறாள்: "ஆவெண்டுங்கோ. எல்லாரும் பாக்கினம்." விழுங்கியது அவன்தான். மேலே சாது என்று எழுதியதை அவன் பெயரோடு சேர்த்து வாசி. கையொப்பத்தை இன்றே போடு. அவனைப் பார்த்துக்கொள்ள உங்கள் வீட்டில் ஓர் ஆள் வேண்டும்.