எல்லாம் நார்மல்

ரத்தப் பரிசோதனை நல்லபடியாக வந்த சந்தோஷத்தில் ஜெயகணேஷ் தெரு முழுக்க முந்திரி மக்ரூன் கொடுத்தாரே, செல்வராணிக்கு உண்மையான சோதனை அன்றைக்குத்தான் ஆரம்பித்தது.

"செல்விக்கு ஒண்ணுமில்ல. சுகர், தைராய்டு, இருதயம், எல்லாம் நார்மல்" என்று பிரையண்ட் நகரில் வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தார். நல்ல மனுஷர். மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் படகுக்காரர்களுக்குக் கயிறும் பெயிண்டும் விற்கிற கடை வைத்திருந்தார். பொண்டாட்டிக்கு வியாதி இல்லை என்றால் எந்தப் புருஷனுக்குத்தான் சந்தோஷம் வராது?

ஆனால் அதுவரை கேட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நிற்கும் செல்வராணியைப் பார்த்து "பாவம்" என்று சொன்ன தெரு, மக்ரூனைத் தின்ற பிறகு சொல்லவில்லை. அந்த வாரமே அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் பால்குடம் எடுக்கும் பெண்களைச் சேர்க்கும் பொறுப்பு அவள் தலையில் விழுந்தது. கப்பலில் போகும் சரக்குக்குப் பேப்பர் வேலை முடித்துக் கொடுக்கும், அவள் வேலை பார்த்த கிளியரிங் ஆபீஸுக்கும் செய்தி போயிற்று. மேனேஜர் சிவனாண்டி அவளைக் கூப்பிட்டு, உடம்பு முடியவில்லை என்று அவளிடமிருந்து எடுத்திருந்த இறால் கண்டெய்னர் வேலையைப் பெருந்தன்மையாகத் திருப்பிக் கொடுத்தார். உப்புக் கண்டெய்னர் என்றால் ஒரு நாள் காத்திருக்கும். இறால் காத்திருக்காது. போன் அடித்துக்கொண்டே இருக்கும்.

செல்வராணிக்கு வந்ததற்குப் பெயர் கிடையாது. ஊரே வெள்ளத்தில் மிதந்த அந்த மார்கழிக்குப் பிறகு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போய்விட்டது, அசதி மட்டும் போகவில்லை. தூங்கி எழுந்தால், படுக்கப்போகும்போது இருந்ததைவிட அதிகமாகக் களைத்திருந்தாள். தலைக்குக் குளிப்பது திருச்செந்தூருக்கு நடந்துபோய் வருவது மாதிரி இருந்தது. இதையெல்லாம் டாக்டரிடம் சொன்னால் அவர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். ரிப்போர்ட்டில் அவள் திடகாத்திரமாக இருந்தாள். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று கெட்டுப்போய் இருக்கக் கூடாதா என்று உள்ளுக்குள் வேண்டிக்கொள்வாள். பிறகு அப்படி வேண்டிக்கொண்டதற்காகச் சாமியிடம் மன்னிப்புக் கேட்பாள்.

வேறு வழியில்லாமல் தானாகவே சில தந்திரங்களைக் கற்றுக்கொண்டாள். அடுப்படியில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தபடி காய் நறுக்கினாள். குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். முழங்கையை மேஜையில் ஊன்றிக்கொண்டு தலை சீவினாள். துணியைக் காயப்போட மாடிக்குப் போனால், இறங்குவதற்கு முன்னால் தண்ணீர்த் தொட்டி நிழலில் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கிடந்தாள். இதையெல்லாம் யாருக்கும் தெரியாமல்தான் செய்தாள். நார்மலான பொம்பிளை ஸ்டூலில் உட்கார்ந்து குளிக்கிறாள் என்று தெரிந்தால் ஊர் என்ன சொல்லும்?

ஜெயகணேஷ் முதலில் நடக்கச் சொன்னார். கடற்காற்று உடம்புக்கு நல்லது என்றார். ஒரு காலையில் அவளும் கடற்கரைப் பூங்கா வரை நடந்துபோனாள். போனதில் குறையில்லை. திரும்பத்தான் முடியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியாமல், அவருக்குப் போன் போட்டு ஸ்கூட்டரை வரவழைத்தாள். அந்த ஒரு நடைக்கு அந்த வாரம் முழுக்கப் படுத்துக் கிடந்தாள். இறால்காரர்கள் மேனேஜரிடம் சத்தம் போட்டார்கள். அவள் மறுபடி ஆபீஸுக்குப் போன அன்று மேனேஜர், இன்னும் ஒரு தடவை இப்படி நடந்தால் வேறு ஆள் பார்க்கவேண்டியிருக்கும் என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலமே ஜெயகணேஷ் சாத்தான்குளத்துக்குப் போன் போட்டார்.

சாத்தான்குளத்தில் இருந்தது அவருடைய அக்கா சங்கரம்மாள். புருஷன் தவறிய பிறகு கருப்பட்டி மொத்த வியாபாரத்தைத் தனியாகத் தூக்கி நிறுத்தியவள். விடியும் முன்னே எழுந்து, லோடு இறக்கும் ஆட்களை அதட்டி, மகனைப் படிக்கவைத்து, கல்யாணமும் முடித்துக் கடையில் உட்காரவைத்தவள். பகலில் அவள் தலை சாய்த்ததை யாரும் பார்த்ததில்லை என்று ஜெயகணேஷ் அடிக்கடி சொல்லுவார். அந்தப் பேச்சு எப்போதும் செல்வராணி படுத்திருக்கும்போதுதான் வரும்.

"அக்கா வந்து கொஞ்ச நாள் கூட இருந்தாள்னா எல்லாம் சரியாயிரும்" என்றார்.

சங்கரம்மாள் வந்தாள். ஒரு பை நிறையக் கருப்பட்டி, இன்னொரு பையில் சுக்கு, திப்பிலி, பெயர் தெரியாத வேர்கள். காரிலிருந்து இறங்கியவள் நேரே வந்து கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த நாற்காலியைவிட்டு அவ்வளவு லேசில் எழுந்திருக்கவில்லை.

உதவிக்கு வந்தவள் என்றுதான் செல்வராணி நினைத்திருந்தாள். ஆனால் காபி நாற்காலிக்குப் போயிற்று, தோசை நாற்காலிக்குப் போயிற்று. ஆபீஸிலிருந்து திரும்பினால் மத்தியானம் சாப்பிட்ட தட்டுக்கூட அங்கேயே காய்ந்துபோய்க் கிடந்தது. சரி, வியாபாரத்தில் பத்துப் பேரை ஏவிப் பழகியவள், அடுத்தவர் வீட்டில் தட்டைக் கழுவுவாளா என்று செல்வராணி மனசைத் தேற்றிக்கொண்டாள்.

கேள்விகளைத்தான் தாங்க முடியவில்லை.

"ஏளா, காலைல எந்திரிச்ச உடனே அசதியா இருக்கா, பொறவு வருதா?"

"எந்திரிக்கும்போதே இருக்கு மைனி."

"தூங்கினாலும் போவாதா?"

"போவாது."

"ஒருத்தர் கூட நிண்ணு பேசிக்கிட்டிருந்தாக்கூட அசதி வருதோ?"

செல்வராணி காய்ந்த தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். போலீஸ்காரர் திருடனை விசாரிக்கிற மாதிரி இருந்தது. சொன்னதையே மறுநாள் மாற்றிச் சொல்கிறாளா என்று பார்ப்பதுபோல அதே கேள்வி திரும்பத் திரும்ப வந்தது.

இரண்டாவது நாளே சங்கரம்மாள் அடுப்படி ஸ்டூலைக் கண்டுபிடித்துவிட்டாள். வாசலில் நின்று, செல்வராணி உட்கார்ந்தபடி வெண்டைக்காய் நறுக்குவதை இமை கொட்டாமல் பார்த்தாள்.

"இது எதுக்கு இங்கன கிடக்கு?"

"நிக்க முடியலேன்னா உக்காந்துக்கிடுவேன் மைனி."

"உக்காந்துக்கிட்டே சமைச்சிருவியா?"

"ம்."

சங்கரம்மாள் கூடத்து நாற்காலிக்குத் திரும்பிப் போனாள். மறுநாள் செல்வராணி அடுப்படிக்குள் வந்தபோது ஸ்டூலில் சங்கரம்மாள் உட்கார்ந்திருந்தாள். செல்வராணி நின்றுகொண்டு சமைத்தாள். அதற்கடுத்த நாள் குளியலறை ஸ்டூலைப் பற்றிய விசாரணை நடந்தது. அது முடிந்ததும், காலையில் சங்கரம்மாள் குளிக்கப் போனால் வெளியே வர நெடுநேரம் ஆயிற்று. செல்வராணிக்கு ஆபீஸ் பஸ் தவறியது. மாடித் தொட்டி நிழலும் ஒரு நாள் பறிபோயிற்று. துணியைக் காயப்போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால், சங்கரம்மாள் எப்படியோ படியேறி வந்து, தொட்டியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள்.

"நல்ல காத்துதான்" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

கஷாயத்திலும் அதே கதை. சுக்கையும் வேரையும் செல்வராணிதான் இடித்துக் காய்ச்சவேண்டும். "மொதல்ல நான் குடிச்சுப் பாத்துச் சொல்லுதேன்" என்று சங்கரம்மாள் வாங்கினால், டம்ளரின் அடியில் வண்டல்தான் மிச்சம் இருக்கும். ராத்திரியில் செல்வராணி உண்மையிலேயே தூங்குகிறாளா என்று கவனிக்கவேண்டும் என்று சொல்லி அவள் பக்கத்திலேயே படுத்துக்கொண்டாள். ஜெயகணேஷ் தலையணையோடு கூடத்துக்குப் போனார். கவனிக்க வந்தவள் படுத்த உடனே குறட்டை விட்டாள். கவனிக்கப்படவேண்டியவள் விழித்துக் கிடந்தாள்.

இத்தனைக்கும் ஜெயகணேஷுக்கு ஒரே பெருமை. "அக்கா எவ்வளவு அக்கறையா இருக்கா பாத்தியா?" என்றார்.

கடைசியாக, பாளை ரோட்டில் புதிதாக வந்திருந்த டாக்டர் ஷெர்லியிடம் போவது என்று முடிவாயிற்று. நானும் வருவேன் என்று சங்கரம்மாள் முதல் ஆளாக வாடகைக் காரில் ஏறிக்கொண்டாள்.

டாக்டர் சின்ன வயசு. அவசரப்படாமல் கேட்டாள். இவ்வளவு நாளில் ரிப்போர்ட்டைப் பார்க்காமல் தன் முகத்தைப் பார்த்துப் பேசின முதல் டாக்டர் இவள்தான் என்று செல்வராணிக்குத் தோன்றியது. மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள். அதற்குள் பக்கத்து நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

"இவளுக்கு எந்திரிக்கையில பாதம் ரெண்டும் தரையில ஊன முடியாது டாக்டர். படியேறினா தொடையில கல்லைக் கட்டின மாதிரி இருக்கும். வெளிச்சம் பட்டாக் கண்ணு கூசும்."

"அப்படியா?" என்று டாக்டர் செல்வராணியைக் கேட்டாள்.

"இல்ல டாக்டர். எனக்குக் கண்ணெல்லாம் கூசாது."

"கூசும்ளா. நல்லா யோசிச்சுப் பாரு."

"எனக்குத் தெரியாதா மைனி?"

"பேசிக்கிட்டே இருக்கையில வார்த்தை மறந்துபோவும் டாக்டர். பேரு மறந்துபோவும். அதுக்கு என்ன செய்யணும்?"

செல்வராணி அதையும் மறுத்தாள். டாக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். எழுதியதை அடித்தாள், அடித்ததை மறுபடி எழுதினாள். கடைசியில், இந்த மாதிரி அசதி சில உடம்புக்கு வருவதுண்டு, சோதனையில் தெரியாது, வேலையைப் பிரித்துப் பிரித்துச் செய்து ஓய்வெடுக்கவேண்டும் என்று சொன்னாள். கூடவே, வீட்டில் நெருக்கடி இருப்பதுபோலத் தெரிவதால் ஒரு மனநல ஆலோசகரையும் பார்த்தால் நல்லது என்றாள்.

எல்லாரும் எழுந்தார்கள். சங்கரம்மாள் மட்டும் எழவில்லை.

"அப்ப இது பொய்யில்ல. அப்படித்தானே டாக்டர்?"

"பொய்யில்லம்மா."

"சும்மா படுத்துக்கிடுததுக்குச் சொல்லுத சாக்கும் இல்ல?"

"இல்லம்மா. நிஜம்தான்."

செல்வராணிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு டாக்டர் முன்னால் வைத்து, நாத்தனார் தன்னைப் பொய்க்காரியா என்று கேட்கிறாள். அதுவும் ஒரு தடவையல்ல, இரண்டு தடவை.

அன்றிலிருந்து ஜெயகணேஷ் அவளிடம் தாழ்ந்த குரலில் பேச ஆரம்பித்தார். மனநலம் என்ற சொல் அவரைப் பயமுறுத்தியிருந்தது. அவள் எது சொன்னாலும் ஒத்துக்கொண்டார். காய்கிற வெயிலில் நின்றுகொண்டு அவள் வேண்டுமென்றே "மழை வரும் போலிருக்கு" என்றாள். "வரும், வரும்" என்றார் அவர். அன்றைக்குத்தான் செல்வராணிக்கு அழுகை வந்தது. அழவும் தெம்பில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கால் நடுங்கியது. ஸ்டூலில் சங்கரம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

"மைனி" என்றாள் செல்வராணி. குரலை உயர்த்தவில்லை. "நீங்க வந்ததுல இருந்து இந்த வீட்டுல எனக்கு உக்கார இடமில்ல. என்னைய வேவு பாத்தது போதும். நீங்க ஊருக்குப் போங்க."

சங்கரம்மாள் அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"சரிளா. செந்திலை வரச் சொல்லுதேன்."

ஜெயகணேஷ் கூடத்திலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பொண்டாட்டி சொன்னதையும் மறுக்க முடியாது, அக்காவையும் தடுக்காமல் இருக்க முடியாது. கடையில் சரக்கு வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை எந்தச் சரக்கும் வராது.

மத்தியானம் போல மகன் செந்தில்முருகன் கார் எடுத்துக்கொண்டு வந்தான். சங்கரம்மாள் செல்வராணியின் கையை ஒரு தரம் பிடித்துவிட்டு, போய்ப் பின் சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். பையை எடுக்க செந்தில்முருகன் உள்ளே வந்தான். செல்வராணிக்கு மனசு உறுத்தியது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனமில்லை. பையை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"தப்பா நினைக்காதய்யா. உங்கம்மா விடியுததுக்கு முன்ன எந்திரிச்சுக் கடையை நடத்துதவங்க. என்னைய மாதிரி ஆளுங்க அவங்க கண்ணுக்குச் சோம்பேறியாத்தான் தெரிவோம்."

செந்தில்முருகன் பையைத் தூக்காமல் அப்படியே நின்றான். வாசல் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அத்தை, அம்மா கடைக்கு வந்தே ரெண்டு வருஷம் ஆவுது, பாதி நாளு படுக்கைதான், எல்லா டெஸ்ட்லயும் நார்மல்னே வருது. மாமாவுக்குத் தெரியக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டு, செல்வி எப்படிச் சமாளிக்கான்னு கூட இருந்து பாத்துப் படிச்சிட்டு வாரேன்னு சொல்லித்தான் இங்கன வந்தா."