ஒன்பதாம் வகுப்பு மக்களாட்சிப் பாடத்தால் பதவி இழந்தவன் எழுதிக்கொள்வது

பெருமதிப்பிற்குரிய சமூக அறிவியல் பாடநூல் பதிப்பாசிரியர் அவர்களின் மேலான கவனத்திற்கு,

வணக்கம். தாங்களும், தங்கள் இல்லத்தாரும், தங்களோடு உட்கார்ந்து அந்தப் புத்தகத்தை எழுதிய அத்தனை பேரும் சகல சௌக்கியங்களோடும் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். புத்தகம் எழுதுகிறவர்களுக்கு என்ன குறை வரப்போகிறது? அதைப் படிக்கிற பிள்ளையைப் பெற்றவன் வீட்டில்தான் எல்லாம் வரும். அப்படிப் பெற்ற ஒருவன் எழுதும் கடிதம் இது. தயவுசெய்து கடைசி வரை படிக்கவும்.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளராக இருக்கிறேன். எந்த வண்டி எப்போது கிளம்பியது, ஏன் தாமதம் என்று ஓட்டுநரைக் கேள்வி கேட்பது என் உத்தியோகம். வீட்டுக்கு வந்தால், நாங்கள் குடியிருக்கும் நான்கு மாடிக் கட்டடத்தின் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர். செயலாளராக இருந்தேன் என்று திருத்திப் படிக்கவும். கட்டடம் கட்டி முடித்த நாளில் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள், நான் சரி என்றேன், அன்றிலிருந்து நானே பார்த்துக்கொண்டு வந்தேன். தண்ணீர் மோட்டார் போடுவது, படிக்கட்டு விளக்கு அணைப்பது, அறிவிப்புப் பலகையில் எழுதுவது, யார் வீட்டுச் செருப்பு யார் வாசலில் கிடக்கிறது என்று விசாரித்துத் தீர்ப்புச் சொல்வது எல்லாம் நான்தான். ஒரு நாளும் சம்பளம் கேட்டதில்லை, ஒருவரும் நன்றி சொன்னதுமில்லை. கட்டடம் நிம்மதியாக இருந்தது, தங்கள் புத்தகம் வீட்டுக்குள் வரும் வரை.

என் மகள் ஒன்பதாம் வகுப்பு. கணக்கில் புலி, அறிவியலில் சிறுத்தை, சமூக அறிவியலில் மட்டும் பூனை. அரையாண்டுத் தேர்வில் அவள் வாங்கிய மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு, "பாடத்தை மனப்பாடம் பண்ணாதே, வாழ்க்கையோட பொருத்திப் படி" என்று சொன்னது நான்தான். வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அவள் பொருத்திப் படித்தாள். மக்களாட்சி என்ற பாடத்தின் கடைசியில் மஞ்சள் நிறத்தில் ஒரு கட்டம் போட்டிருக்கிறீர்களே, "செய்து பார்ப்போம்" என்று தலைப்புக் கொடுத்து, "உங்கள் குடியிருப்பில் உள்ள பொது இடங்கள் யாருடைய கட்டுப்பாட்டில் உள்ளன? அவரைத் தேர்ந்தெடுத்தவர் யார்? கேட்டறிக" என்று, அந்தக் கட்டம்தான் எனக்கு எமனாக வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நான் முகச்சவரம் செய்துகொண்டிருக்கும்போது, பேனாவும் கையுமாக வந்து நின்றாள்.

"அப்பா, மோட்டார் ரூம் யாரு கன்ட்ரோல்ல இருக்கு?"

"என் கன்ட்ரோல்லதான்."

"மொட்டை மாடி?"

"அதுவும் நான்தான்."

"உங்களை யாரு தேர்ந்தெடுத்தாங்க?"

"யாரும் வேண்டாம்னு சொல்லலையே."

"அது வேறப்பா. சரி, சட்டம் போடுறது, அதை நடத்துறது, தப்புப் பண்ணவங்களுக்குத் தீர்ப்புச் சொல்றது, இந்த மூணும் ஒரே ஆள் கையில இருந்தா அதுக்கு என்ன பேரு?"

"பொறுப்புணர்ச்சி."

"புத்தகத்துல வேற பேரு போட்டிருக்கு" என்று சொல்லிவிட்டு எதையோ எழுதிக்கொண்டு போய்விட்டாள். பாதிக் கன்னம் நுரையோடு நான் நின்றேன். உள்ளே அடுப்படியில் என் மனைவி சிரிக்கிற சத்தம் கேட்டது. என்ன என்று கேட்டதற்கு, குக்கர் சத்தம் என்றாள். எங்கள் வீட்டில் குக்கர் அன்று அடுப்பிலேயே இல்லை.

அதோடு விட்டாளா? வீடு வீடாகப் போய், கட்டத்தின் அடுத்த வரியில் தாங்கள் சொல்லிக்கொடுத்தபடி பொதுக்கூட்டத்துக்கு அழைப்பு வைத்துவிட்டு வந்தாள். கீழ்த்தளத்துத் தையல்காரம்மா தன் முன்னறையைக் கொடுத்தார். முதல் மாடிப் பல் மருத்துவர் நாற்காலி கொடுத்தார். நான் கூட்டத்துக்குத் தலைமை தாங்கப் போனால், தலைமை நாற்காலியில் என் மகள் உட்கார்ந்திருக்கிறாள். "நீங்க இதுல சம்பந்தப்பட்டவர்ப்பா, அங்க உட்காருங்க" என்று துணி மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைக் காட்டினாள். பெற்ற மகள், சார்.

முதல் பொருள் மொட்டை மாடி. அதை நான் பூட்டி வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. முன்பொரு நாள் அங்கே யாரோ காயப்போட்ட போர்வை காற்றில் பறந்து, தெருவில் போன பேருந்தின் முன் கண்ணாடியை முழுசாக மூடிவிட்டது. வண்டி நின்றது, பின்னால் வந்தவை எல்லாம் நின்றன. அன்று மாலை பணிமனையில் அந்த ஓட்டுநரை நிறுத்தி வைத்து ஏன் தாமதம் என்று நான் கேட்க, "உங்க வீட்டு மாடியில இருந்துதான் சார் வந்துச்சு" என்று போர்வையை மடித்து என் மேஜை மேல் வைத்தார். அன்றே பூட்டு வாங்கினேன். இதை நான் கூட்டத்தில் விளக்கமாகச் சொன்னேன். பாதிப் பேர் தலையாட்டினார்கள். நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

அப்போது மூன்றாம் மாடியில் புதிதாகக் குடிவந்த பெண், தோளில் குழந்தையைத் தட்டிக்கொண்டே எழுந்தாள். அந்தப் பெண் பேசி நான் கேட்டதேயில்லை. "சார், தப்பா நினைச்சுக்காதீங்க. குழந்தைத் துணியெல்லாம் வீட்டுக்குள்ளதான் காயப்போடுறேன். காயவே மாட்டேங்குது. ஈரத்துலயே படுக்க வைக்கிற மாதிரி இருக்கு. சளி விடவே இல்லை, ரெண்டு வாட்டி டாக்டர்கிட்ட போயிட்டு வந்துட்டோம்" என்றாள். குழந்தை மட்டும் மூக்கு அடைத்துக்கொண்டு மூச்சு விடுவது எல்லாருக்கும் கேட்டது. நான் எழுந்து என் முக்காலியை அந்தப் பெண் பக்கம் தள்ளிவிட்டேன். ஆனாலும் நான் ஒரு பொறுப்பில் இருப்பவன் அல்லவா? "இதை ஏம்மா முன்னாடியே புகார்ப் பெட்டியில எழுதிப் போடல?" என்று கேட்டேன்.

"பெட்டி எங்க சார் இருக்கு?"

அப்போதுதான் எனக்கே நினைவு வந்தது. புகார்ப் பெட்டியை நான் மாட்டியிருந்தது மொட்டை மாடியில், பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம்.

இதற்கு எல்லாரும் அப்படிச் சிரித்திருக்க வேண்டியதில்லை. தையல்காரம்மா சிரித்த சிரிப்பில் வாயில் கவ்வியிருந்த ஊசி எங்கேயோ விழுந்து, அதைத் தேடுவதற்காகவே கூட்டம் கொஞ்ச நேரம் ஒத்திவைக்கப்பட்டது. மறுபடி கூடியபோது தேர்தல் என்று முடிவாகிவிட்டது. வீட்டுக்கு ஒரு ஓட்டு, அதைக் குடும்பத் தலைவர் போடட்டும் என்றேன். மகள் புத்தகத்தைத் திறந்து வயது வந்தோர் வாக்குரிமை என்ற பக்கத்தைக் காட்டினாள். எல்லாப் பெண்களும் அந்தப் பக்கத்தை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார்கள். அங்கேயே என் கதை முடிந்தது என்று இப்போது புரிகிறது.

எனக்கு எதிராக நின்றவர் பல் மருத்துவர். என் சின்னம் கடிகாரம், அவர் சின்னம் பல். நான் படியேறி இறங்கி, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று ஆதரவு கேட்டேன். அவர் ஒரு படிகூட ஏறவில்லை. தன் மருத்துவமனை நாற்காலியில் ஆளைச் சாய்த்து, வாயை அகலத் திறக்கச் சொல்லி, கையில் கருவியை எடுத்துக்கொண்டு, "எனக்குத்தானே உங்க ஓட்டு?" என்று கேட்டால், யார் என்ன மறுப்புச் சொல்லிவிட முடியும்? "ஆ" என்றால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாராம். இதைப் பற்றித் தங்கள் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை. தேர்தல் அதிகாரியிடம் புகார் செய்தேன். தேர்தல் அதிகாரியான என் மகள் சாப்பிட்டுக்கொண்டே, எழுத்து மூலம் தரச் சொன்னாள்.

வாக்குப்பதிவு நாளன்று, வாக்காளர்கள் குளித்துவிட்டுத் தெம்பாக வரட்டுமே என்ற நல்லெண்ணத்தில் விடியும் முன்பே மோட்டாரைப் போட்டேன். போட்டவன் பதற்றத்தில் நிறுத்த மறந்துபோனேன். தொட்டி நிரம்பி, வழிந்து, மொட்டை மாடியிலிருந்து படிப்படியாக இறங்கி, வாக்குச்சாவடியாக இருந்த தையல்காரம்மாவின் முன்னறைக்குள் கதவிடுக்கு வழியாகப் போய்விட்டது. தைக்கக் கொடுத்திருந்த துணியெல்லாம் நனைந்து, அவர் அதை அறை முழுக்கக் கொடி கட்டித் தொங்கவிட, வாக்குச்சாவடிக்குள் வந்தவர்கள் சொட்டச் சொட்டத் தொங்கும் பாவாடைகளை விலக்கிக்கொண்டுதான் ஓட்டுப் போட்டார்கள். எல்லார் கால்சட்டையும் முழங்கால் வரை சுருட்டியிருந்தது. வாக்காளர்களைத் தண்ணீர் கொடுத்துக் கவர முயன்றதாக எனக்கு எச்சரிக்கை அறிவிப்பு வந்தது. என் மகள் கையெழுத்துப் போட்டு, எங்கள் வீட்டுக் கதவிலேயே ஒட்டினாள். ஒட்டுவதற்குப் பசை கரைத்துக் கொடுத்தவள் என் மனைவி.

வாக்குப் பெட்டிக்கு வேறு பெட்டி கிடைக்காததால் அந்தப் புகார்ப் பெட்டியையே கழற்றிக்கொண்டு வந்தார்கள். திறந்தால் உள்ளே ஒரு சிலந்தியும் அதன் பிள்ளைகுட்டிகளும். இந்தக் கட்டடத்தில் என் மேல் குறையே இல்லாமல் வாழ்ந்த ஒரே குடும்பம் அதுதான். அவர்களுக்கு ஓட்டு இல்லை.

முடிவைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு விழுந்தது இரண்டு ஓட்டு. ஒன்று நான் போட்டது. மற்றது என் மனைவி போட்டதாகத்தானே இருக்க வேண்டும்? அன்று சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டேன்.

"அந்த இன்னொரு ஓட்டு உன்னோடதுதானே?"

"ரகசிய வாக்கெடுப்புங்க. யாருக்குப் போட்டோம்னு சொல்லக்கூடாதுன்னு புத்தகத்துல போட்டிருக்கு."

"நான் உன் புருஷன்டி."

"புருஷனுக்குச் சொல்லலாம்னு போடலையே."

மறுநாளிலிருந்து படிக்கட்டில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம் என் காதருகே வந்து, "சார், அந்த ஒரு ஓட்டு நான்தான்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். தையல்காரம்மா சொன்னார். கடைசி மாடித் தாத்தா சொன்னார். பல் மருத்துவரின் சம்சாரமே சொன்னார். இத்தனை பேரையும் கூட்டிப் பார்த்தால் நான் போட்டியில்லாமல் ஜெயித்திருக்க வேண்டும். இந்தக் கணக்கு எந்தப் பாடத்தில் வருகிறது என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

மொட்டை மாடியைத் திறந்துவிட்டார்கள். கொஞ்ச நாள் நான் அந்தப் பக்கம் போகவில்லை. பிறகு ஒரு மாலை, காற்று எப்படி அடிக்கிறது என்று பார்க்கத்தான் போனேன். அந்தப் பெண் குழந்தைத் துணிகளைக் கொடியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கை அளவுச் சட்டைகள், வரிசையாக. ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். மொறுமொறுவென்று காய்ந்து வெயில் வாசனை வந்தது. "இப்போ சளி எப்படிம்மா இருக்கு?" என்றேன். "விட்டுடுச்சு சார். ராத்திரி நல்லாத் தூங்குறான்" என்றாள். பிறகு, போர்வை எதுவும் பறக்காமல் இருக்க ஒவ்வொரு துணிக்கும் இரண்டு கிளிப் போட்டிருப்பதாக, நான் கேட்காமலேயே சொன்னாள். கொடிக்கம்பி ஒரு பக்கம் தளர்ந்திருந்தது. அதை இழுத்துக் கட்டிவிட்டு இறங்கி வந்தேன். இந்தப் பத்தியைத் தாங்கள் புகாரில் சேர்க்க வேண்டாம். பேச்சுவாக்கில் வந்துவிட்டது.

இதோடு நின்றிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன், சார். போன வாரம் பள்ளியில் பெற்றோர் கூட்டம் என்று போனேன். சமூக அறிவியல் அறையின் சுவரில், நட்ட நடுவில், பக்கவாட்டில் எடுத்த என் புகைப்படம். மாலை ஒன்றுதான் போடவில்லை. அடியில் வண்ணப் பேனாவில், என் மகளின் கையெழுத்தில், "அதிகாரக் குவிப்பு: ஓர் எடுத்துக்காட்டு" என்று எழுதியிருந்தது. மற்ற பெற்றோர் படத்தைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள், பிறகு மறுபடி படத்தைப் பார்த்தார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டால் பக்கவாட்டில் அச்சு அசலாக அந்தப் படம் மாதிரியே இருக்கிறேனாம். ஆசிரியை ஓடிவந்து, "உங்க பொண்ணுக்குத்தான் சார் வகுப்புலயே அதிக மதிப்பெண். உங்களை மாதிரி ஒரு அப்பா கிடைக்காம மத்தப் பிள்ளைங்க எவ்வளவு கஷ்டப்படுறாங்க தெரியுமா?" என்றார். உண்மையான மகிழ்ச்சியோடு சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

ஆகவே ஐயா, தங்களைப் பணிவன்போடு கேட்டுக்கொள்வது என்னவென்றால், அடுத்த பதிப்பில் அந்த மஞ்சள் கட்டத்தை அடியோடு நீக்கிவிட வேண்டும். நீக்க மனமில்லை என்றால், "பெற்றோர் பதவியில் இல்லாத வீடுகளில் மட்டும் செய்து பார்க்கவும்" என்று ஒரு வரியாவது சேர்க்க வேண்டும். வேதியியல் புத்தகத்தில் அமிலத்துக்கு எச்சரிக்கை போடுகிறார்கள். மக்களாட்சிக்கு ஏன் போடக்கூடாது? நிலநடுக்கம், எரிமலை எல்லாம் இருக்கிற பாடங்களை எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். அதையெல்லாம் பிள்ளைகள் வீட்டில் செய்து பார்க்க முடியாது.

தங்களுக்கும், தங்கள் எழுத்துக்கும், தங்கள் வீட்டில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை யாரேனும் இருந்தால் அந்தப் பிள்ளையின் அப்பாவுக்கும் எல்லா நன்மைகளும் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நூலால் பாதிக்கப்பட்ட,
முன்னாள் செயலாளர்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடும்போது எதிர்க் கட்டடத்திலிருந்து நான்கைந்து பேர் வந்து கதவைத் தட்டினார்கள். அவர்கள் கட்டடத்தில் லிஃப்டுக்குப் பூட்டுப் போட்டு, தான் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறாராம் அங்குள்ள செயலாளர். என் மகளையும் அவளுடைய புத்தகத்தையும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டார்கள். அந்தச் செயலாளர் யார் என்று விசாரித்தேன். எங்கள் பணிமனை மேலாளர். நான் எழுதும் ஒவ்வொரு அறிக்கையையும் மூன்று முறை திருப்பி எழுத வைக்கிறவர். மகளோடு நானும் கிளம்புகிறேன், புத்தகப்பையை நானே தூக்கி வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். எனவே ஐயா, மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். அந்தக் கட்டத்தை எக்காரணம் கொண்டும் நீக்கிவிடாதீர்கள். முடிந்தால் எழுத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள். எங்கள் மேலாளருக்குக் கண்ணாடி போட்டாலும் பார்வை சரியாகத் தெரியாது.