இன்று பிறந்தவர்கள் பக்கம்

மனிதப் பிறவியை எங்கள் நாளிதழைப் போல மதிக்கும் இடம் உலகத்தில் வேறெங்கும் இல்லை என்று துணிந்து சொல்வேன். 'இன்று பிறந்தவர்கள்' என்று ஒரு முழுப் பக்கமே ஒதுக்கி, முதல் நாளே அதை முடித்துவிடுவோம். மன்னர், விஞ்ஞானி, கால்பந்து வீரர் என்று யாராவது அதில் தவறாமல் பிறப்பார்கள். 'வரலாற்றில் இன்று' பகுதியில் ஒரு கப்பலாவது மூழ்கும்.

அன்று ஆசிரியர் அவசரக் கூட்டம் கூட்டினார். நூறாண்டுக்கு முன் மறுநாள் தேதியில் ஒரு தத்துவ ஞானியும் ஒரு பந்தயக் குதிரையும் பிறந்திருந்தார்கள். யார் படத்தை மேலே போடுவது?

விவாதம் சூடுபிடித்தபோது, பக்க வடிவமைப்பாளர் கைபேசியைப் பொத்தியபடி எழுந்தார்.

"சார், வீட்டுக்காரிக்கு வலி எடுத்துடுச்சு. ஆஸ்பத்திரியில தனியா இருக்கா. பயமா இருக்கு, வந்துடுங்கன்னு அழறா. தலைப்பிரசவம் சார்."

ஆசிரியர் நெகிழ்ந்துபோனார். "வாழ்த்துகள்! பக்கத்தை முடிச்சுட்டு உடனே கிளம்புங்க."

"குதிரை எங்கேன்னே முடிவாகலையே சார்?"

"அதுக்குத்தானே கூட்டம்! இது நூற்றாண்டு விஷயம். பிரசவம் தினம் நடக்கறது."

துணையாசிரியர்களான நாங்கள் ஐவரும் தலையாட்டினோம். ஆழ்ந்த கருத்துகளுக்குத் தலையாட்டுவதில் எங்களுக்கு நல்ல பயிற்சி உண்டு.

கைபேசி மறுபடி அதிர்ந்தது. பிழை திருத்தும் அக்கா மூலையிலிருந்து வந்து வடிவமைப்பாளரின் நாற்காலியைப் பிடித்து இழுத்தார்.

"தம்பி, நீ கிளம்பு. பக்கத்தை நான் போடறேன்."

"உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"கோணலா வரும். வந்தா என்ன, குதிரை கோவிச்சுக்குமா? ஓடுடா!"

அவர் ஓடினார். குலைந்துபோன அலுவலக ஒழுங்குக்காகச் சற்று மௌனம் காத்துவிட்டு, கூட்டத்தைத் தொடர்ந்தோம். குதிரையே மேலே என்று ஒருமனதாக நிறைவேறியது. ஞானி எந்தப் பந்தயத்திலும் ஜெயித்ததில்லை.

மாலையில் அக்காவுக்கு அழைப்பு வந்தது. பேசிவிட்டுப் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பெண் குழந்தை! தாயும் சேயும் சுகம். இவன் போய்ச் சேர்ந்து கொஞ்ச நேரத்துல பொறந்துச்சாம். அதுவரைக்கும் அவ இவன் கையை விடவே இல்லையாம். கடவுள் புண்ணியம்! சார், நம்ம பக்கத்துல ஒரு ஓரமா அதையும் போட்டுடலாமா?"

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "நாம போடறது நாளைத் தேதிக்கு. அது அவசரப்பட்டு இன்னைக்கே பொறந்துடுச்சு. அது போகட்டும், அப்படி என்னம்மா சாதிச்சிருக்கு?"

நியாயமான கேள்வி. யோசித்துப் பார்த்தேன். பிறப்பதற்கு முன்பே அது எங்கள் கூட்டத்திலிருந்து ஒரு மனிதனை எழுந்து ஓடவைத்திருக்கிறது. எங்கள் ஐவரில் ஒருவரையும் அப்படி எழவைக்க, அந்தப் பக்கத்தில் இத்தனை காலம் பிறந்த அத்தனை மகான்களாலும் முடியவில்லை.