ஐந்தாம் கணக்கு

ரப்பர் தோட்டத்து முள்வேலி வாசலில், மரத்தில் பால் வெட்டும் நல்லசாமியின் வாளியிலிருந்து நான்கு தாள்களை உருவினார் மலாய்க்கார சார்ஜன்ட்.

மகள் மயிலம்மாள் போட்ட கணக்குகள். கணக்கிலும் விஞ்ஞானத்திலும் கெட்டிக்காரப் பிள்ளைகளைக் கோலாலம்பூர்க் கல்லூரி ஒன்று இரண்டு வருடம் முன்னதாகவே சேர்த்துக்கொள்கிறது. அது அனுப்பிய பன்னிரண்டு கணக்குகளின் விடைகளும் வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். அன்று வியாழன். கோலா கிளாவாங் தபாலாபீசுக்குப் போகும் வழியில் மழை பிடித்தால் தாள் நனையுமே என்று, வாளியைக் கழுவிக் காயவைத்து, உள்ளே வைத்து மூடியிருந்தார் நல்லசாமி. அவசரகாலத்தில் மூடிய வாளியோடு வாசலைத் தாண்டுகிறவன் காட்டுக்காரனுக்கு, அதாவது கம்யூனிஸ்ட் கெரில்லாவுக்கு, அரிசி கடத்துகிறவன் என்பது அப்போது அவருக்கு உறைக்கவில்லை.

அரிசி இல்லை. ஆனால் ஐந்தாம் கணக்கு இருந்தது. சிரம்பானிலிருந்து ஒரு ரயில், கோலாலம்பூரிலிருந்து ஒரு ரயில். எத்தனை மணிக்கு, எந்த மைலில் சந்திக்கும்? விடைக்கு அடியில் மயிலம்மாள் இரண்டு கோடு போட்டிருந்தாள். காட்டுக்காரர்கள் தண்டவாளத்தைப் பெயர்க்கிற காலம் அது.

"ரயில் எந்த மைல்ல வரும்னு ஒனக்கு எதுக்குலா?" சார்ஜன்ட் கேட்டதைத் தமிழில் கேட்டான் கான்ஸ்டபிள் சன்னாசி. போன வருடம்வரை நல்லசாமியோடு மரம் சீவியவன்.

"எனக்கு எதுக்கு? காலேஜ்ல கேட்டாங்க, எம்மக சொன்னா."

ரயில் வரும் நேரத்தை எந்தக் கல்லூரி கேட்கும் என்று, அது இன்னும் மோசமாகப் போயிற்று. தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி வந்து சொல்லட்டும் என்றார் நல்லசாமி. கிராணி துரைசிங்கத்தின் மகனுக்கு அந்தக் கல்லூரி அழைப்பு வரவில்லை. கண்ணாடியை மாட்டி நான்கு தாளையும் நிதானமாகப் பார்த்தார்.

"இதைப் பால் வெட்டுறவன்ர பிள்ளை செய்திருக்கேலாது."

அப்படியானால் செய்தவன் காட்டில் இருக்கிறான் என்று முடிவாயிற்று. நல்லசாமியின் லயத்து வீட்டைக் குடைந்து மயிலம்மாளின் நோட்டுகளையும் அள்ளினார்கள். ரகசிய பாஷை என்று தாள்கள் ஜீப்பில் கோலாலம்பூருக்குப் போயின. நல்லசாமி லாக்கப்புக்குள் போனார்.

"கிராணி மகன் போட்டா கணக்கு, எம்மக போட்டா ரகசிய பாசையா?" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார். வெள்ளிக்கிழமையும் போயிற்று.

சனிக்கிழமை காலை சன்னாசி வந்து பூட்டைத் திறந்தான்.

"ஒன்னால எம்மக படிப்பே போச்சுடா."

"போவலண்ணே. ரகசிய பாசையப் படிக்க ஆள் இல்லாம, நேத்தே அந்தக் காலேஜ் கணக்கு வாத்தியார்கிட்டதான் குடுத்திருக்காங்க. பன்னெண்டும் சரியாம், பாப்பாவ அனுப்பச் சொல்றாரு. நீ தபால்ல போட்டிருந்தா திங்கக்கிழமைதான் போயிருக்கும்."