வாரத்துக்கு விட்ட இதயம்

வைத்திய உலகமே கையெடுத்துக் கும்பிட வேண்டிய அந்தக் கூட்டம், 1984 தை மாதம் புதுச்சத்திரம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் நடந்தது. மின்விசிறிக்கு நேர் கீழே தீர்க்காயுசு ஆஸ்பத்திரிக் கம்பெனித் தலைவர் சென்னியப்பன். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் சம்பாதித்தவர், ஆழம் பார்த்துத் துளை போடத் தெரிந்தவர். அவருக்கு வலப்பக்கம் பேராசிரியர் தோமினிக். கதவோரம், நடவடிக்கைக் குறிப்பெழுத குமாஸ்தா செபஸ்தியான். நோயாளியின் மனைவி ராமாயி நின்றாள்; கைநாட்டு வைக்க நாற்காலி எதற்கு என்பது நிர்வாகத்தின் கருத்து.

பொருள்: அவள் கணவன் சின்னண்ணனின் இதயம். அதில் ஒரு வால்வு சுருங்கி முனகிக்கொண்டிருந்தது. அந்த முனகலைக் கேட்க, சினிமாக் கொட்டகை வாசலில்போல மாணவர்கள் வரிசை கட்டினார்கள்.

“இந்த மாசத்துக்குள்ள ஆப்ரேசன் பண்ணோணும்னு டாக்டரு சொன்னாருங்க” என்றாள் ராமாயி.

“பண்ணிடலாம்மா. சித்திரையில பரீட்சை முடியட்டும்” என்றார் தோமினிக். “இவ்வளவு தெளிவான முனகல் மறுபடி எங்க கிடைக்கும்?”

“ஆப்ரேசன் தியேட்டரு இப்ப நம்ம கம்பெனியோடதுங்க அம்மிணி. அதுக்குள்ள நீங்களும் காட்டை வித்துப் பணங்கட்டீருவீங்க” என்றார் சென்னியப்பன்.

“அப்படின்னா நோயாளி யாருக்குச் சொந்தம்?” என்று கேட்டார் தோமினிக்.

“மாட்டை வாரத்துக்கு உடறதில்லீங்களா? மாடு ஒருத்தருது, வளக்கறது ஒருத்தரு, கன்னுல ஆளுக்குப் பாதி. அதேதானுங்க. நோவு காலேஜுக்கு, சொகமாவறது கம்பெனிக்கு.”

தோமினிக் எழுந்து கைகுலுக்கினார். இதைவிட நேர்த்தியான ‘மருத்துவ ஒத்துழைப்பை’ செபஸ்தியானின் பேனா எழுதியதில்லை.

மை தடவிய பெருவிரலைத் தூக்கிப் பிடித்தபடி ராமாயி கேட்டாள்: “நானும் வாரத்து மாடு வளத்தவதானுங்க. நடுவுல மாடு செத்துப்போனா நட்டம் யாருதுங்க?”

தலைவர் ஒப்பந்தத் தாளை அவள் பக்கம் நகர்த்தினார்.

“ரேகை வெக்கலீன்னா படுக்கையைக் காலி பண்ணிக்கோணுங்க” என்றார் சென்னியப்பன், வெகு மரியாதையாக.

ராமாயி வைத்தாள். டீ வந்தது. கூட்டம் கலைந்தது.

கம்பெனியின் சென்னைத் தலைமை அலுவலகத்துக்குப் போகவேண்டிய ஒப்பந்தத்தைச் செபஸ்தியான் சரிபார்த்தான். நோய்: கல்லூரி. குணம்: கம்பெனி. நட்டம் என்ற இடம் மட்டும் காலியாக இருந்தது. கோடிட்ட இடத்தை நிரப்பாவிட்டால் முட்டி போடவைக்கும் ஆத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவன் அவன். அழகிய கையெழுத்தில் ‘ராமாயி’ என்று எழுதினான்.

யாரிடமும் ஒப்புதல் கேட்க வேண்டியிருக்கவில்லை. கைநாட்டு ஏற்கெனவே இருந்தது. உறையில் போட்டு, அரக்கு முத்திரை குத்தி, மாலைத் தபாலில் சேர்த்தான்.