அப்பாவின் கட்டிலருகே நாங்கள் இருந்த விதம்

மனித குலம் பாசத்தைக் கண்டுபிடித்துப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகியும், அதை எட்டுத் திசையிலிருந்தும் பார்க்கும் வசதி எங்கள் அண்ணன் காலத்தில்தான் வந்தது. அவன் எடுத்த 'நம்பிக்கை: ஒரு முழுவட்ட அனுபவம்' என்ற படத்தை ஹெட்செட்டைக் கண்ணில் மாட்டிக்கொண்டு பார்த்தால் நீங்களே நோயாளியின் அறைக்குள் நிற்பீர்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் பாசம். படத்தில் வேண்டாதவற்றை அழிக்கும் 'நீக்கல் பிரிவு'க்கு நான் தலைவர். பிரிவில் இருந்ததும் நான் ஒருவன்தான்.

நோயாளி எங்கள் அப்பா. நாற்பது வருஷம் லிப்ட் பழுது பார்த்தவர். இதயத்தில் வால்வு கெட்டுப்போய், மறுநாள் ஆபரேஷன் என்று மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன் என்று அண்ணன் அங்கேயே கேமராவைக் கொண்டுவந்து நட்டுவிட்டான்.

படத்தின் கரு குடும்பப் பாசம். ஆனால் அந்தக் கேமராவுக்கு முதுகுப்பக்கம் என்று ஒன்று கிடையாது, சுற்றிலும் பார்க்கும். எனவே இயக்குநர் முதல் நீக்கல் பிரிவுத் தலைவர் வரை அனைவரும் வெளியேறிக் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். பாசத்தைப் படமெடுக்கும்போது பாசமுள்ளவர்கள் குறுக்கே நிற்கக் கூடாது என்பது நியாயம்தானே.

"அப்போ என் பக்கத்துல யாரு இருப்பா?" என்று கேட்டார் அப்பா.

"நாங்கதாம்பா. அப்புறமா சேர்த்துக்குவோம்," என்றான் அண்ணன்.

"நாளைக்கு நெஞ்சைத் திறக்கப்போறாங்கடா. கொஞ்சம் பயமா இருக்கு."

"அதே பயத்தோட இருங்க. ரொம்ப இயல்பா வருது."

வராந்தாவில் நின்று டேப்லெட்டில் அப்பாவைப் பார்த்தோம். பத்தடி தூரம், நடுவில் ஒரு கதவு. அவர் கேமராவைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். "யாராச்சும் இருக்கீங்களா?" என்றார். நாங்கள் எழுதிக் கொடுக்காத வசனம். அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. "இதை வெச்சுக்கலாம்," என்றான். எனக்கும் உள்ளே ஓடிவிட வேண்டும் போலத்தான் இருந்தது. போனால் டேக் வீணாகிவிடும்.

அப்போது ஓர் 'இடையூறு' நேர்ந்தது. மாத்திரை வாங்கப் போயிருந்த அம்மா, உரிய அனுமதி பெறாமல் கதவைத் திறந்து உள்ளே போய்விட்டாள். பெண்டாட்டி என்ற ஒரே தகுதியை வைத்துக்கொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அப்பாவின் கையைப் பிடித்தபடி வாய்க்குள்ளேயே வேண்டிக்கொள்ள ஆரம்பித்தாள்.

"அம்மா, நீ ஃபிரேம்ல இருக்கே," என்றான் அண்ணன், கதவிடுக்கு வழியாக.

"இருந்துட்டுப் போறேன்."

"அப்படின்னா கொஞ்சம் சத்தமா வேண்டிக்கோ. மைக்ல விழல."

"சாமிக்கு விழுது," என்றாள் அம்மா. கண்ணைத் திறக்கவே இல்லை. கொஞ்ச நேரத்தில் அப்பா தூங்கிப்போனார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இதனால் முடிவுக் காட்சியை மாற்ற வேண்டி வந்தாலும் அண்ணன் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டான்.

பிறகு சாப்பாட்டு மேஜையில் 'ஆலோசனைக் கூட்டம்' கூடியது. அம்மா மூக்கை உறிஞ்சுவது படத்தின் 'காட்சி மொழி'க்கு ஒத்துவரவில்லை என்பதால் அவளை நீக்குவதென்று வந்திருந்த இருவராலும் ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. அவள் வேண்டிக்கொண்ட சாமிக்குப் பதில், எந்த மதத்தையும் சங்கடப்படுத்தாத ஓர் ஒளி உருண்டை. அம்மாவை நீக்க எனக்குப் பதினோரு நாள் ஆயிற்று. அப்பாவின் கையைப் பிடித்திருந்த விரல்கள்தான் படுத்தி எடுத்தன. ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. அதன் பின் அண்ணனும் நானும் கிரீன் மேட் என்கிற பச்சைத் திரை முன்னால் நின்று, சுருட்டிய துண்டு ஒன்றை அப்பாவின் கையாக பாவித்து அழுதோம். எனக்கு நான்காவது டேக்கிலேயே கண்ணீர் வந்துவிட்டது.

படத்தின் முதல் திரையிடல் எங்கள் வீட்டுக் கூடத்தில். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்செட் மாட்டிக்கொண்டார். இடப்பக்கம் திரும்பினார், வலப்பக்கம் திரும்பினார். வெகுநேரம் எதையோ தேடினார்.

"உங்கம்மா எங்கடா?"

"எடுத்துட்டோம்பா," என்றேன். "கதைக்கு வேண்டாம்னு..."

அப்பா ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அவ உக்காந்த இடத்துல நீங்க ரெண்டு பேரும் அழுதுகிட்டு நிக்கிறீங்க. வந்தவளை எடுத்துட்டு வராதவங்களை வெச்சிருக்கீங்க." எங்களை மாறி மாறிப் பார்த்தார். "நல்லா இருக்கு," என்றார்.

போஸ்டரில் இப்போது பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கிறது: "'நல்லா இருக்கு' - நோயாளியே பாராட்டிய படம்". அதற்கு முன்னால் அப்பா சொன்னதை நீக்கியதும் என் பிரிவுதான். இந்தத் தடவை அரை நிமிஷம்கூட ஆகவில்லை. கை பழகிவிட்டது.