ஸ்கிரிப்ட் யாருடையது?

“அண்ணே, இங்க ஸ்கிரீன்ல ‘போர்டிக்சன் தோட்டம்’னு காட்டுது லா! எடை போட முடியல. பழ லோரியெல்லாம் கேட்டுல நிக்குது!”

மந்தின் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி செல்லம் போனில் கத்தினார்.

“லைன் சரியில்லம்மா. பாக்குறேன்” என்று மழுப்பினான் அர்ச்சுனன். சிரம்பான் தலைமை அலுவலகத்தில் அவனுக்கு வியர்த்தது. காரணமே அவன்தான்.

கம்பெனியின் செம்பனைத் தோட்டங்களில் எடைக்கும் வருகைப் பதிவுக்குமான எந்தக் கணினிச் சர்வரைப் புதுப்பிப்பதென்றாலும் அவன்தான் மோட்டார் சைக்கிளில் போவான். நாள் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழுத்துவான். கிராணிமார் கோழிக்கறி சோறு போட்டு உபசரிப்பார்கள்.

போன மாதம், கூட வேலை பார்க்கும் ரோகினி அதற்கென்று ஒரு கணினி ஸ்கிரிப்ட் எழுதினாள். கறுப்புத் திரையில் ஒரே வரி தட்டினால் போதும். தோட்டத்தில் ஆளே இல்லாமல் சர்வர்கள் தாமாகவே எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு எழுந்து நிற்கும். அன்றிலிருந்து மெனேஜர் மகேந்திரன் வாயில் ரோகினி புராணம்தான். சோறும் போச்சு, பேரும் போச்சு. அவள் தும்மினால்கூட அர்ச்சுனனுக்கு வயிறு எரிந்தது.

அதனால்தான் அவளுடையதைவிடச் சின்னதாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, காலையில் யாருக்கும் சொல்லாமல் எல்லாத் தோட்டங்களுக்கும் ஏவிவிட்டான். ஒவ்வொரு சர்வருக்கும் அதனதன் பெயரை வைக்கச் சொல்ல மறந்துவிட்டான். சோதித்துப் பார்த்த போர்டிக்சன் தோட்டத்தின் பெயரே எல்லாவற்றிலும் ஏறிவிட்டது.

பெயரைத் திருத்த இன்னொரு ஸ்கிரிப்ட் அனுப்பினான். அது பெயரை மாற்றிவிட்டு சர்வரை அணைத்து எழுப்பியது. எழுந்ததும் மறுபடி பெயரை மாற்றியது. மறுபடி அணைத்தது.

“அண்ணே, இப்ப டிஸ்கோ லைட்டு மாதிரி மின்னுது!” என்றார் செல்லம்.

எழுந்ததும் தானாக எதுவுமே ஓடக்கூடாது என்று எல்லாச் சர்வர்களுக்கும் உத்தரவு போட்டான். மின்னுவது நின்றது. எடை பார்ப்பதும் நின்றது. வருகைப் பதிவும் நின்றது.

“அண்ணே, லோரிக்காரங்க என்னைத் திட்டுறாங்க. பழம் அழுகிடும் லா!”

ரோகினி சாப்பிடப் போயிருந்தாள். அர்ச்சுனன் சுற்றும் முற்றும் பார்த்தான். பல்லைக் கடித்துக்கொண்டு அவளுடைய ஸ்கிரிப்டையே ஓடவிட்டான். ஒவ்வொரு தோட்டமாகத் திரையில் பச்சை விழுந்தது. பாவி, எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறாள் என்று அப்போதும் எரிந்தது.

மகேந்திரன் வேகமாக உள்ளே வந்தார். பின்னாலேயே ரோகினியும் வந்தாள்.

“எல்லாத் தோட்டமும் ஒரே நேரத்துல சரியாயிருச்சாமே! யாரு செஞ்சது?”

“நான்தான் சார்” என்றான் அர்ச்சுனன். வாய் அதோடு நிற்கவில்லை. “அந்த ஸ்கிரிப்டே என்னோடதுதான். ரோகினி டைப் பண்ணுச்சு, அவ்ளோதான்.”

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. ரோகினி அவனை உற்றுப் பார்த்தாள்.

“ஆமா சார். எல்லாம் அண்ணன் மூளைதான். எனக்கு இதுல ஒன்னுமே தெரியாது.”

மகேந்திரன் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். “முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல அர்ச்சுனன்? இப்பவே மேல பேசிடுறேன்!”

ரோகினி பாட்டு முணுமுணுத்தபடி தன் இடத்துக்குப் போனாள். ஜெயித்துவிட்டான். ஆனால் பறிகொடுத்தவள் இவ்வளவு சந்தோஷமாக இருப்பதைப் பார்க்க அவனுக்குப் பொறாமையாக இருந்தது.

டிரைவர் சித்திக் மெல்ல அருகில் வந்தான்.

“என்னாண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க? கடல் தாண்டி, போன் லைனே கிடைக்காத சபா காட்டுல புதுத் தோட்டம் திறக்குறாங்க. அந்த ஸ்கிரிப்ட் எழுதுன ஆளைத்தான் அங்க சர்வர் பாக்க மூனு வருசம் அனுப்பப் போறாங்கன்னு ரோகினி ஒரு வாரமா அழுதுகிட்டு இருந்துச்சு!”